தலைவருக்கு வரம்பு, கட்சிக்கு வரம்பில்லை: ஜூலியஸ் நைரேரேயின் பிற்காலம்

1985 நவம்பர் 5 அன்று தான்சானியாவின் குடியரசுத் தலைவர் பொறுப்பை ஜூலியஸ் நைரேரே, அலி ஹசன் முவின்யியிடம் ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 63. உடல்நலக் குறைவு எதுவும் அவரை விரட்டவில்லை. இராணுவம் கிளம்பி வரவில்லை. தேர்தலிலும் அவர் தோற்கவில்லை. அவரோடு ஒரே காலத்தில் சுதந்திரப் போராட்டத்தை நடத்தியவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால்தான் இந்த விலகலின் அருமை புரியும். கானாவின் க்வாமே என்க்ருமாவை 1966-ல் இராணுவம் கவிழ்த்தது. 1972-ல் தாய்நாட்டுக்குத் திரும்ப முடியாமலேயே ருமேனியாவில் இறந்தார். கென்யாவின் ஜோமோ கென்யாட்டா 1978-ல் பதவியில் இருந்தபடியே கண்ணை மூடினார். பக்கத்து உகாண்டாவில் மில்டன் ஒபோட்டே இரண்டாம் முறையாகக் கவிழ்க்கப்பட்டது நைரேரே விலகிய அதே 1985-ல்தான். தானாக முன்வந்து இறங்கியவர் என்று அதுவரை சொல்லக்கூடியவர்கள் செனகலின் செங்கோர் போல ஓரிருவர்.

ஆனால் அன்று நைரேரே கைமாற்றித் தந்தது ஒரு பதவியை மட்டுமே. ஆளும் கட்சியான சாமா சா மாப்பிந்துசியின், அதாவது சி.சி.எம். என்ற புரட்சிக் கட்சியின் தலைவர் பதவியை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1990 ஆகஸ்ட் வரை அது அவரிடம் இருந்தது. 1975-ல் செய்த அரசியலமைப்புத் திருத்தம், நாட்டின் எல்லா அரசியல் நடவடிக்கைகளும் கட்சியின் தலைமையில்தான் நடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. அரசு செயல்படுத்தும், கட்சி முடிவெடுக்கும். அப்படிப்பட்ட நாட்டில் கட்சித் தலைமை என்பது வெறும் கௌரவப் பதவி அன்று. நைரேரேயின் பிற்காலத்தையும் அவர் விட்டுச்சென்ற அரசியலையும் புரிந்துகொள்ள நான் பிடித்துக்கொள்ளும் நூல் இதுதான்: ஒரு மனிதர் எப்போது எப்படி இறங்க வேண்டும் என்பதற்கு அவர் விதி வகுத்தார், அவர் உருவாக்கிய கட்சி எப்போது இறங்க வேண்டும் என்பதற்கு எந்த விதியும் இல்லை. இன்றைய தான்சானியாவின் பெருமையும் துயரமும் இந்த இரண்டிலிருந்தும் கிளைத்தவை.

அவருடைய முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே புட்டியாமா என்ற ஊரில், சனாக்கி என்ற சிறிய இனக்குழுத் தலைவர் ஒருவரின் மகனாக 1922-ல் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். நாடு அவரைக் கடைசிவரை ‘முவாலிமு’ என்று, நம் ஊரில் ‘வாத்தியார்’ என்பதுபோல, அழைத்தது. 1954-ல் டானு கட்சியைத் தொடங்கினார். 1961 டிசம்பர் 9-ல் தங்கனிக்கா விடுதலை பெற்றது. 1964 ஏப்ரலில் சன்சிபார் தீவுகளோடு இணைந்து தான்சானியா ஆனது. 1967 பிப்ரவரியில் அருஷா பிரகடனம்: வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் அரசுடைமை ஆயின, கட்சித் தலைவர்கள் பங்குகள் வைத்திருக்கக் கூடாது, வீடு கட்டி வாடகைக்கு விடக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது என்று ஒழுக்க விதி வந்தது. 1977-ல் டானுவும் சன்சிபாரின் ஆப்ரோ-சிராசி கட்சியும் ஒன்றாகிப் பிறந்ததே சி.சி.எம்.

ஒரு கட்சி ஆட்சி என்றவுடன் நமக்குத் தோன்றும் சித்திரம் அங்கே முழுதாகப் பொருந்தாது. இதை நின்று கவனிக்க வேண்டும். 1965 தேர்தலில் பெரும்பாலான தொகுதிகளில் டானுவின் இரண்டு வேட்பாளர்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்துப் போட்டியிட்டார்கள். ஒருவருக்குச் சின்னம் மண்வெட்டி, மற்றவருக்கு வீடு. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி மண்வெட்டியா வீடா என்று பார்த்து வாக்களித்தார். அமைச்சர்களே தோற்றுப்போனார்கள். கட்சி ஒன்றுதான், ஆனால் ஆளை மாற்றலாம். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கோ ஒரே வேட்பாளர்; வாக்காளர் சொல்லக்கூடியது ஆம் அல்லது இல்லை. ஆளை மாற்று, கட்சியை மாற்றாதே என்ற பாடம் அந்த வாக்குச்சீட்டிலேயே அச்சாகிவிட்டது. அதே ஆட்சி 1962-லேயே தடுப்புக் காவல் சட்டத்தைக் கொண்டுவந்ததையும், விசாரணை இன்றிப் பலரைச் சிறையில் வைத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நைரேரேயை நேசிக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். அது அவருக்கே செய்யும் அநீதி, ஏனென்றால் தம் தவறுகளை அவர் தாண்டிச் சென்றவர் இல்லை.

பதவி விலகுவதற்கு முந்தைய ஆண்டு, 1984-ல், ‘தேர்ட் வேர்ல்ட் குவார்ட்டர்லி’ இதழுக்கு அவர் அளித்த பேட்டி இதற்குச் சாட்சி. மறுபடி தொடங்க வாய்த்தால் எவற்றை மாற்றுவீர்கள் என்ற கேள்விக்கு இரண்டைச் சொன்னார். உள்ளாட்சி அமைப்புகளைக் கலைத்தது ஒன்று. கூட்டுறவுச் சங்கங்களைக் கலைத்தது மற்றொன்று. பொறுமை இல்லாமலும் அறியாமையாலும் அப்படிச் செய்தோம் என்று ஒப்புக்கொண்டார்.

இந்த இரண்டையும் அவர் தேர்ந்தெடுத்துச் சொன்னதில் ஆழ்ந்த பொருள் உண்டு. உள்ளாட்சி 1972-ல் போனது. அதிகாரப் பரவல் என்ற பெயரில் நடந்தாலும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இருந்த இடத்தில் தலைநகரத்திலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரிகள் அமர்ந்தார்கள். கூட்டுறவுகள் 1976-ல் போயின. கிளிமஞ்சாரோ மலைச்சரிவின் காப்பி விவசாயிகள் 1930-களிலேயே தங்களுக்கென்று கூட்டுறவு ஒன்றியம் கண்டவர்கள். விக்டோரியா ஏரிக்கரையின் பருத்தி விவசாயிகள் கட்டியெழுப்பிய ஒன்றியமோ ஆப்பிரிக்காவிலேயே பெரியவற்றுள் ஒன்று. விடுதலைப் போராட்டத்தில் டானுவுக்குக் கிராமங்களில் தோள் கொடுத்ததும் இவைதான். ஊழலும் மோசமான நிர்வாகமும் அவற்றில் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவற்றைத் திருத்துவதற்குப் பதிலாக ஒரேயடியாக எடுத்துவிட்டு, விளைபொருள் கொள்முதலை அரசு வாரியங்களிடம் கொடுத்தார்கள். விவசாயிக்குப் பணம் தாமதமாக வந்தது, குறைவாகவும் வந்தது. இதற்கு நடுவில்தான், சிதறிக் கிடந்த குடும்பங்கள் எல்லாம் 1976-க்குள் புதிய கிராமங்களில் குடியேறியாக வேண்டும் என்று 1973-ல் கட்டளை பிறந்தது. இலட்சக்கணக்கானோர் தங்கள் நிலத்தைவிட்டு நகர்த்தப்பட்டார்கள். பல இடங்களில் வீடுகள் இடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன.

அவர் வருந்திச் சொன்ன இரண்டும் கட்சிக்கு வெளியே மக்கள் கூடி முடிவெடுக்கும் இடங்கள். அவற்றை இழந்த பிறகு கட்சியைத் தட்டிக் கேட்க நாட்டில் அமைப்பு என்று எதுவும் மிஞ்சவில்லை. நைரேரே இதைப் பொருளாதாரத் தவறாகத்தான் பேசினார். நான் அதை அரசியல் தவறாகப் பார்க்கிறேன். பின்னால் பல கட்சிகள் வந்தபோது அவை காலூன்ற இடம் இல்லாமல் தவித்ததற்கு விதை இங்கேதான் விழுந்தது.

1984-ல் நடந்த இன்னொரு காரியம் அந்தப் பேட்டியைவிடவும் நிலைத்து நின்றது. குடியரசுத் தலைவர் ஐந்தாண்டு வீதம் இரண்டு முறைக்குமேல் பதவி வகிக்கக் கூடாது என்று அரசியலமைப்பு திருத்தப்பட்டது. 20 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர் தமக்குப் பின் வருகிறவருக்குப் போட்ட வரம்பு அது. முவின்யி 1995-ல் இறங்கினார். பெஞ்சமின் முகாப்பா 2005-ல் இறங்கினார். ஜக்காயா கிக்வெத்தே 2015-ல் இறங்கினார். யாரும் மூன்றாம் முறை கேட்டுச் சட்டத்தை வளைக்கவில்லை. ஜான் மகுஃபுலி 2021 மார்ச்சில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அரசியலமைப்பு சொன்னபடி துணைத் தலைவர் சாமியா சுலுஹு ஹசன் பொறுப்பேற்றார். ஓர் இராணுவ வண்டிகூட தெருவுக்கு வரவில்லை. உகாண்டா, ருவாண்டா, புருண்டி, காங்கோ என்று தான்சானியாவைச் சுற்றியிருக்கும் நாடுகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்தவர் யார் என்ற கேள்வியை விதி அவருக்கு எளிதாக்கவில்லை. எல்லோரும் எதிர்பார்த்த பிரதமர் எட்வர்ட் சொக்கோய்னே 1984 ஏப்ரலில் கார் விபத்தில் இறந்தார். சன்சிபாரின் தலைவராக இருந்த முவின்யியைக் கட்சி முன்னிறுத்தியது. கருவூலம் காலியாக இருந்தது. உகாண்டாவின் இடி அமீனுக்கு எதிரான 1978-79 போர், எண்ணெய் விலையேற்றம், வறட்சி, வாரியங்களின் நஷ்டம் எல்லாம் சேர்ந்து கடைகளில் சோப்பும் சர்க்கரையும் கிடைக்காத நிலை. பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளை நைரேரே ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றார். அந்த மோதலில் 1979-ல் நிதியமைச்சர் எட்வின் முத்தே பதவியைத் துறந்தார். அவரே பின்னாளில் சடேமா என்ற எதிர்க்கட்சியின் நிறுவனர்களில் ஒருவரானார். முவின்யி 1986-ல் நிதியத்தோடு ஒப்பந்தம் செய்தார். இறக்குமதியும் தனியார் வியாபாரமும் திறந்துவிடப்பட்டன.

கட்சித் தலைவர் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். அவர் முணுமுணுத்தார், விமர்சித்தார், ஆனால் கவிழ்க்கவில்லை. இங்கே கேமரூனை நினைவுகூர்வது உதவும். 1982 நவம்பரில் அகமது அகிஜோ குடியரசுத் தலைவர் பதவியைப் பால் பியாவிடம் கொடுத்துவிட்டு, நைரேரே செய்ததைப் போலவே கட்சித் தலைமையை வைத்துக்கொண்டார். ஓராண்டுக்குள் இருவரும் பகைவர்கள். அகிஜோ நாடு கடந்தார்; அவர் இல்லாமலேயே விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். அதே ஏற்பாடு தான்சானியாவில் ஐந்தாண்டு தாக்குப்பிடித்தது. முவின்யியின் பொறுமை ஒரு காரணம். தம் கொள்கை தோற்றாலும் தாம் உண்டாக்கிய பதவி நிலைக்க வேண்டும் என்று நைரேரே தெளிந்திருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

அந்த ஐந்தாண்டில் அவர் உலக அரங்கில் ஏற்றது தென் ஆணையத்தின் தலைமை. வளரும் நாடுகள் ஒன்றோடொன்று எப்படிக் கைகோப்பது என்று ஆராய 1987-ல் அமைந்த குழு அது. ஜெனீவாவில் அதன் பொதுச் செயலாளராக அவருக்குக் கீழ் பணியாற்றியவர் மன்மோகன் சிங். ஆணையத்தின் அறிக்கை 1990-ல் வந்தது. 1991-ல் மன்மோகன் சிங் இந்தியாவின் நிதியமைச்சரானார். அதே பன்னாட்டு நிதியத்தின் கடனோடு இந்தியப் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். ஒரே மேசையில் அமர்ந்து உழைத்த இருவரை வரலாறு எப்படி இரு திசைகளில் நிறுத்தியது என்று பொருளாதாரம் படிக்கும் நம் மாணவர்கள் யாராவது விரிவாக எழுத வேண்டும். காந்தி அமைதிப் பரிசை இந்திய அரசு 1995-ல் முதன்முதலாக வழங்கியபோது அதைப் பெற்றவர் நைரேரே.

கிழக்கு ஐரோப்பாவின் ஆட்சிகள் 1989-ல் சரிந்தன. ருமேனியாவின் சௌசெஸ்கு சுட்டுக்கொல்லப்பட்டார். 1990 தொடக்கத்தில் நைரேரே வாய் திறந்தார். பல கட்சிகளைப் பற்றிப் பேசுவது துரோகம் ஆகாது, தான்சானியா அதை விவாதிக்கலாம் என்றார். ஒரு கட்சிக் கோட்பாட்டுக்கு ஆப்பிரிக்காவில் மிகச் சிறந்த விளக்கம் தந்தவர் அவர்தான். போட்டி இல்லாத கட்சி சோம்பிவிட்டது, மக்களிடமிருந்து விலகிவிட்டது என்று அதன் தலைவரே சொன்னபோது கட்சிக்காரர்கள் திகைத்துப் போனார்கள். 1991-ல் தலைமை நீதிபதி பிரான்சிஸ் நியாலாலி தலைமையில் ஆணையம் அமைந்து நாடு முழுவதும் கருத்துக் கேட்டது. ஏறத்தாழ 80% பேர் ஒரு கட்சியே போதும் என்றார்கள். ஆணையம் அந்தப் பெரும்பான்மையை மீறிப் பல கட்சி முறையைப் பரிந்துரைத்தது. மாற்றம் கேட்ட ஐந்தில் ஒரு பங்கினரை ஒதுக்கிவிட முடியாது என்ற வாதத்துக்கு நைரேரேயின் ஆதரவு இருந்தது. 1992-ல் சட்டம் வந்தது.

அந்த ஆணையம் இன்னொன்றும் சொன்னது. மக்களை ஒடுக்கும் 40 சட்டங்களைப் பட்டியலிட்டு, அவற்றை நீக்கவோ திருத்தவோ வேண்டும் என்றது. புதிய அரசியலமைப்பு வேண்டும் என்றும் சொன்னது. கட்சிகளுக்குக் கதவு திறந்தது, ஆனால் பட்டியலின் பெரும்பகுதி கிடப்பில் போனது. தேர்தல் ஆணையத்தைக் குடியரசுத் தலைவரே நியமித்தார். குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவை எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்து வழக்குப் போட முடியாது என்ற பிரிவு அரசியலமைப்பில் இருந்தது. கட்சி சாராத சுயேச்சைகள் போட்டியிடத் தடை நீடித்தது. மதபோதகர் கிறிஸ்டபர் முத்திகிலா இந்தத் தடையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வென்றபோது, தீர்ப்பைச் செல்லாக்காசாக்க அரசு அரசியலமைப்பையே திருத்தப் பார்த்தது. நைரேரே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். குடிமகனின் அடிப்படை உரிமையை இப்படித் திருத்தி எடுத்துவிடலாம் என்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்பது அவர் கருத்து. ஆனால் அப்போது அவர் கையில் எந்தப் பதவியும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் கட்சி அவர் பேச்சைக் கேட்கவில்லை.

மற்றவற்றில் கேட்டது. தங்கனிக்காவுக்கெனத் தனி அரசு வேண்டும் என்று 55 உறுப்பினர்கள் 1993-ல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள், அது நிறைவேறியது. சன்சிபார் இஸ்லாமிய நாடுகளின் அமைப்பில் சேர்ந்ததும் அந்நேரத்தில் பெரும் சர்ச்சையானது; பின்னர் சன்சிபார் அதிலிருந்து விலகிக்கொண்டது. ஒன்றியம் உடையும் என்று நைரேரே அஞ்சினார். புட்டியாமாவில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர் மீண்டும் களத்துக்கு வந்தார். கட்சிக் கூட்டங்களில் வாதாடினார். பிரதமர் ஜான் மலேசெலாவையும் கட்சிப் பொதுச் செயலாளரையும் பெயர் சொல்லி விமர்சித்து சுவாகிலியில் சிறு நூலே எழுதினார். 1994-ல் தனி அரசுத் தீர்மானம் கைவிடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் மலேசெலாவும் பதவி இழந்தார். நாடாளுமன்றம் நிறைவேற்றியதைக் கட்சி திருப்பியது. கட்சியை ஒரு முதியவரின் சொல் திருப்பியது. ஒன்றியம் காப்பாற்றப்பட்டது என்று மகிழலாம். நாடாளுமன்றத்தின் மதிப்பு என்ன ஆயிற்று என்று கேட்காமல் என்னால் மகிழ முடியவில்லை.

சன்சிபார் விஷயத்தில் அவர் காட்டிய கண்டிப்பு முன்பே தொடங்கியது. ஒன்றியத்துக்கும் தங்கனிக்காவுக்கும் சன்சிபாருக்குமாக மூன்று அரசுகள் வேண்டும் என்று நினைத்த அபூத் ஜும்பே 1984 ஜனவரியில் சன்சிபார் தலைவர் பதவி உட்பட எல்லாவற்றிலிருந்தும் விலக வைக்கப்பட்டார். சன்சிபாரின் முதலமைச்சராக இருந்த செய்ப் ஷெரிப் ஹமாத் 1988-ல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டரை ஆண்டு காவலில் கிடந்தார். முதல் பல கட்சித் தேர்தல் 1995-ல் நடந்தபோது சன்சிபார் தலைவர் பதவிக்கு எதிர்க்கட்சி வேட்பாளராக நின்றவர் இதே ஹமாத். ஆளும் கட்சிக்கு 50.2%, ஹமாதுக்கு 49.8% என்று அறிவித்தார்கள். முடிவை அவர் கட்சி ஏற்கவில்லை. அந்தப் புண் இன்றும் ஆறவில்லை.

அதே 1995-ல் பெருநிலப் பரப்பில் நைரேரே முகாப்பாவுக்காக ஊர் ஊராகப் பேசினார். மார்ச்சில் பத்திரிகையாளர்களிடம் நாட்டில் விழுந்துள்ள விரிசல்களை எண்ணிக் காட்டினார்: ஊழல், இனவாதம், மதவாதம், ஒன்றியத்தைப் பற்றிய அலட்சியம், சட்டத்தை மதிக்காமை. தலைவர்களின் ஒழுக்க விதியைக் கட்சி 1991-ல் சன்சிபாரில் கூடித் தளர்த்தியிருந்தது. பங்கு வாங்கலாம், வாடகை வாங்கலாம் என்றானது. பணம் படைத்தவர்கள் பதவி தேடும் காலம் தொடங்கிவிட்டதை அவர் கண்ணெதிரே கண்டார். முகாப்பா 61.8% வாக்கு பெற்று வென்றார். ஊழலைத் தாக்கிப் பேசிக் கூட்டம் சேர்த்த அகஸ்டின் மிரேமா 27.8% பெற்றார். நைரேரேயின் பிரச்சாரம் இல்லாவிட்டால் போட்டி இன்னும் நெருங்கியிருக்கும் என்று பலரும் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. போட்டி வேண்டும் என்று கதவைத் திறந்தவரே, போட்டி உண்மையில் வந்தபோது கட்சியின் பக்கம் தம் முழு எடையையும் வைத்தார்.

கடைசி ஆண்டுகளை அவர் புருண்டிக்குக் கொடுத்தார். 1996 ஜூலையில் பியேர் புயோயா இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்தபோது, அண்டை நாடுகள் அருஷாவில் கூடிப் பொருளாதாரத் தடை விதித்ததில் நைரேரேயின் பங்கு பெரியது. 1998 ஜூனில் அருஷாவில் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஹுட்டு, துட்சி தரப்புக் கட்சிகள் பலவற்றை ஒரே கூடத்தில் உட்கார வைத்தார். இரத்தப் புற்றுநோய் அதற்குள் முற்றியிருந்தது. 1999 அக்டோபர் 14 அன்று இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் இறந்தார்; வயது 77. அவர் விட்ட இடத்தில் நெல்சன் மண்டேலா தொடர்ந்தார். 2000 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நைரேரேக்குப் புனிதர் பட்டம் வழங்கும் முயற்சியைக் கத்தோலிக்கத் திருச்சபை 2005-ல் தொடங்கியது.

அவர் விட்டுச்சென்றதில் மிகவும் உறுதியானது, 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் சுவாகிலி என்ற ஒரே மொழியில் பேசி ஒரே நாட்டினர் என்று உணர்வது. இதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. அவரே ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’, ‘வெனிஸ் வணிகன்’ நாடகங்களைச் சுவாகிலியில் பெயர்த்தவர்.

வேறுபாடு கட்சி பற்றித்தான். 2013-14-ல் முன்னாள் பிரதமர் ஜோசப் வரியோபா தலைமையிலான குழு புதிய அரசியலமைப்பின் வரைவைத் தந்தது. ஒன்றியத்துக்கு மூன்று அரசுகள் என்றது. நைரேரே வகுத்த இரண்டு அரசு முறையைத் தொடக் கூடாது என்று சி.சி.எம். பெரும்பான்மை அதை மாற்றி எழுதியது. எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. 2015 ஏப்ரலில் நடக்கவிருந்த பொதுவாக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டது. பிறகு நடக்கவே இல்லை. சுயேச்சைகள் மீதான தடை மனித உரிமை மீறல் என்று 2013-ல் ஆப்பிரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடை நீங்கவில்லை. நைரேரேயின் எந்தச் சொல் கட்சிக்கு உதவுமோ அது வேதமாகிறது. எது இடைஞ்சலோ அது மறக்கப்படுகிறது.

2025-ல் சடேமாவின் தலைவர் துண்டு லிஸ்ஸு தேசத்துரோகக் குற்றச்சாட்டில் சிறையில் இருந்தார். அவர் கட்சி போட்டியிடத் தடை செய்யப்பட்டது. அக்டோபர் 29 வாக்குப்பதிவு நாளில் தெருக்களில் போராட்டம் வெடித்தது. இணையம் துண்டிக்கப்பட்டது, தார் எஸ் சலாமில் ஊரடங்கு வந்தது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூறியது. சாமியா சுலுஹு ஹசன் ஏறத்தாழ 98% வாக்குகளோடு வென்றதாக அறிவித்தார்கள். மண்வெட்டியும் வீடும் அச்சிட்ட காலத்தில்கூட அமைச்சர்கள் தோற்க முடிந்தது.

நைரேரேயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் இதைச் சொல்லவில்லை. இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு நடப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் அவர் 1984-ல் தலைவருக்கு எழுதிய வரம்பு இன்றும் பிடித்து நிற்கிறது என்றால், 1992-ல் கட்சிக்கு எழுதப்படாமல் போன வரம்பும் அதே அளவுக்கு இன்றைய தான்சானியாவை உருவாக்கியிருக்கிறது. அரசியலமைப்புப்படி சாமியாவால் 2030-ல் மீண்டும் நிற்க முடியாது. அவர் கட்சியோ 1961 முதல், டானு காலத்தையும் சேர்த்து, தேசியத் தேர்தல் ஒன்றிலும் தோற்றதில்லை.